ஐந்நூற்று நாற்பது கிராம்

நாற்பத்தோராவது வயதில்
லூகோ நகரத்து மருத்துவர்
படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
பொய் சொல்ல வருமா உங்களுக்கு?
வரும் என்றேன்.
பேனா நின்றது.
உங்களைப் போன்றவர்களுக்கு வராது என்றல்லவா
எல்லோரும் நினைக்கிறார்கள், என்றார்.

உங்களைப் போன்றவர்கள்.
பேருந்தில் ஊர் திரும்பும்வரை
அதை எடைபோட்டுக்கொண்டே வந்தேன்.

எனக்கு அதுதான் தொழில்.
புரேலா மீன்சந்தையில் தராசுகளைச் சோதிப்பவன்.
பித்தளை எடைக்கற்கள் ஏழு
வெல்வெட் குழிகளில் படுத்திருக்கும்.
இடுக்கியால்தான் எடுப்பேன்.
விரலில் ஒட்டும் எண்ணெய்கூட
கல்லைப் பொய் சொல்ல வைத்துவிடும்.

என் பொய்களைச் சொல்கிறேன்.
நலமா என்பவர்களுக்கு, நலம்.
(பதிலுக்காக அவர்கள் நிற்பதில்லை என்று
கண்டுபிடிக்கவே பன்னிரண்டு வருடம் ஆயிற்று.)
அலுவலகத்தில் சிரிப்பு எழும்போது
அரை நொடி பிந்தி வரும் என் சிரிப்பு.
பேசுகிறவரின் புருவ நடுவில் பார்வையை நட்டு
கண்ணைப் பார்ப்பதாக நம்பவைப்பது.
இவற்றை யாரும் பொய் என்று சொல்வதில்லை.
மரியாதை என்கிறார்கள்.

தங்கை உஷியா, கல்யாண நாளில்,
உடை எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.
இடது தோளில் தையல்
நான்கு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்றேன்.
அளந்துதான் சொன்னேன்.
அதை யாரும் நேர்மை என்று சொல்லவில்லை.

மார்ச் மாதம், பதினேழாம் எண் கடை.
ஒட்டிலியாவின் தராசில் அரைக் கிலோ கல்லை வைத்தேன்.
நானூற்று அறுபத்துமூன்று.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்.
நானூற்று அறுபத்துமூன்று.
இருபது வருடத்தில் நான் பிடித்த கள்ளத் தராசெல்லாம்
விற்கிறவர் பக்கம் சாய்ந்தவை.
இது வாங்குகிறவர் பக்கம் சாய்ந்திருந்தது.

தெரியும், என்றாள்
செவுளைப் பிடுங்கியபடி, தலை நிமிராமல்.
படகு வேலை போனவர்கள் வருகிறார்கள்.
சும்மா கொடுத்தால் வாங்குவார்களா?
அந்த அமாரோ இருக்கிறானே,
ஒரு மத்தி கூடப் போட்டால்
எடுத்து வைத்துவிட்டுப் போவான்.
தராசு சொன்னால் நம்புவான்.

சட்டத்தில் பிழைக்குத் திசை கிடையாது.
அதை அவளிடம் சொன்னேன்.
சிவப்பு முத்திரை என் பையில் இருப்பதையும்.
இன்றைய தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை என்பதையும்.
செவ்வாய் காலை எட்டேகாலுக்கு
மறுபடி வருவேன் என்பதையும்.
ஒவ்வொரு சொல்லும் உண்மை.

செவ்வாய் காலை எட்டேகாலுக்கு
தராசு ஐந்நூறு காட்டியது, மயிரிழை பிசகாமல்.
பச்சை முத்திரை குத்தினேன்.
தாளில் பொய் ஒன்றும் இல்லை.
எனக்குள்தான் முள் ஒன்று
இரவெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது,
எந்தப் பக்கமும் சாயாமல்.

புதன்கிழமை வரிசையில் நின்று
அரைக் கிலோ மத்தி வாங்கினேன்.
வீட்டுத் தராசில் ஐந்நூற்று நாற்பது.

வியாழக்கிழமை
கூடுதல் நாற்பது கிராமுக்கு
இருபத்தெட்டு சென்ட்டை எண்ணி
அவள் பலகையில் வைத்தேன்.
செதில் ஒட்டிய கையால் வழித்து
ஏப்ரனில் போட்டுக்கொண்டாள்.
இந்த ஊரில் உன் ஒருத்தனைத்தான்
என்னால் ஏமாற்ற முடியவில்லை, என்றாள்.
பிறகு, சரி,
மீன் எப்படி இருந்தது?

அவள் புருவ நடுவைப் பார்த்தேன்.
அப்புறம், சிரமப்பட்டு, கண்ணை.
சாம்பல் நிறம். இத்தனை வருடம் தெரியாது.
நன்றாக இருந்தது என்றேன்.

நான் மீன் சாப்பிடுவதில்லை.
மெல்லிய முள் ஒன்று பட்டால்
மூன்று நாள் நாக்கை விட்டுப் போகாது.
ஐந்நூற்று நாற்பது கிராமையும்
படகுத்துறைப் பூனைகள் தின்றன.
எப்படி இருந்தது என்று
அவற்றிடம் நான் கேட்கவில்லை.